கை நின்றால் கத்தி நிற்க வேண்டும்

விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில், பெரிய மாளிகைத் தோட்டங்களில் புல்வெட்டும் இயந்திரத்தை இழுத்த குதிரைகளுக்குத் தோல் பூட்ஸ் மாட்டிவிடுவார்கள். நாலு காலுக்கும் நாலு. வார், கொக்கி எல்லாம் உண்டு. அங்கே சில அருங்காட்சியகங்களில் அவை இன்னும் இருக்கின்றன. படத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது, பரவாயில்லையே, வாயில்லா ஜீவன் மேல் இவ்வளவு அக்கறையா என்றுதான் நினைத்தேன். கீழே இருந்த குறிப்பைப் படித்ததும் தெளிந்துவிட்டது. குளம்பு பதிந்து புல்தரையில் பள்ளம் விழக்கூடாதாம். அதற்குத்தான் பூட்ஸ். தோட்ட வேலையின் வரலாற்றில் நான் தேடிப் பிடித்த பழைய பாதுகாப்புக் கவசங்களில் ஒன்று இது. அது காத்தது புல்லை.

அந்தக் குதிரைக்குப் பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நடப்பான். அவனுடைய காலுக்கென்று தனியாக எதையும் எந்தப் படத்திலும் நான் பார்க்கவில்லை.

இதையெல்லாம் நான் தேட ஆரம்பித்ததற்குக் காரணம் என் பெரியப்பா மகன். எனக்கு அண்ணன் முறை. பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து கிளம்பி 11 வருடமாக சிங்கப்பூரில் புல் வெட்டுகிறார். ஊரில் கேட்டால் “கம்பெனியில இருக்கான்” என்பார்கள். அவரே “லேண்ட்ஸ்கேப்பிங்” என்பார். விசா விவரம் கேட்கிற மாப்பிள்ளை வீட்டாரிடம் அந்த வார்த்தை நன்றாக எடுபடும். நான் படித்தது மெக்கானிக்கல். அவர் தோளில் மாட்டும் மெஷினைப் பற்றி என் பாடப் புத்தகங்களில் ஒரு வரிகூட இருந்ததில்லை. லேத் உண்டு, பாய்லர் உண்டு, நீராவி எஞ்சின்கூட உண்டு. உலகத்தில் கோடிக்கணக்கான பேர் கையில் இருக்கும் இந்தச் சாதாரணக் கத்திக்கு மட்டும் இடமில்லை.

*

எங்கள் அப்பாயியின் இடதுகை சுண்டுவிரலில் குறுக்காக ஒரு தழும்பு இருந்தது. அவர் தலைமுறையில் கதிர் அறுத்த, புல் அறுத்த பெண்கள் பலருக்கும் அதே இடத்தில் அதே மாதிரித் தழும்பைப் பார்த்திருக்கிறேன். வலக்கையில் கருக்கரிவாள், இடக்கையில் பிடி. பிடிக்குள் அடங்காமல் கடைசியில் நிற்கிற விரல் சுண்டுவிரல்தான். அரிவாள் வந்து தொடுவதும் அங்கேதான். வெட்டினால் என்ன செய்வீங்க அப்பாயி என்று கேட்டதற்கு, துணியைக் கிழிச்சுக் கட்டிக்கிட்டு அடுத்த பிடியைப் பிடிப்போம் என்றார்.

அரிவாளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கை நின்றால் அதுவும் நின்றுவிடும். வெட்டுகிற வேகம் கையின் வேகம்தான். அதற்கு மேல் அதற்குச் சொந்தமாக எந்த வேகமும் கிடையாது. ஐரோப்பாவில் புல்தரைகளை வெட்டப் பயன்பட்ட நீண்ட காம்பு அரிவாளுக்கும் இதே கணக்குதான். பனி காய்வதற்கு முன் விடியற்காலையில் வரிசையாக நின்று வீசுவார்கள். ஈரப் புல்தான் அதற்கு வாகாக அறுபடும். ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு நிற்பது, வீச்சு முடிகிற பக்கம் ஆள் நிற்காமல் இருப்பது எல்லாம் வேலை தெரிந்தவர்கள் புதியவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

1830-இல் எட்வின் பியர்ட் பட்டிங் வருகிறார். இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் ஊரை ஒட்டிய த்ரப் என்ற இடத்தில் இருந்த மெக்கானிக். அந்தப் பகுதி முழுக்கக் கம்பளித் துணி ஆலைகள். நெய்த துணியின் மேல் சிலிர்த்துக்கொண்டு நிற்கும் பிசிறை ஒரே சீராகச் சீவ, உருளையில் சுற்றிய கத்திகள் கொண்ட இயந்திரம் ஒன்று ஆலைகளில் ஓடிக்கொண்டிருந்தது. துணியின் பிசிறைச் சீவுகிற கத்தி தரையின் பிசிறைச் சீவாதா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் தேதியிட்ட காப்புரிமை அவர் பெயரில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பைத்தியம் என்று நினைத்துவிடக் கூடாதென்று ராத்திரியில் ஓட்டிப் பார்த்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, கதை எனக்குப் பிடித்திருக்கிறது. லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் விலங்கியல் தோட்டம் ஆரம்பகால வாடிக்கையாளர்களில் ஒன்று. கிராமத்துக் கனவான்களுக்கு இது நல்ல உடற்பயிற்சியாகவும் இருக்கும் என்று பட்டிங் தன் காப்புரிமை விண்ணப்பத்திலேயே சொல்லிவிட்டார். புல் வெட்டுவது ஒருவனுக்கு உடற்பயிற்சியாகவும் இன்னொருவனுக்குக் கூலியாகவும் இருக்கும் என்ற பிரிவினை இயந்திரத்தோடு சேர்ந்தே பிறந்திருக்கிறது. இது பின்னால் பெரிய விஷயமாகப் போகிறது.

பட்டிங்கின் இயந்திரம் கனமான வார்ப்பிரும்பு. பின்னால் ஒருவர் தள்ள, தேவைப்பட்டால் முன்னால் ஒருவர் இழுக்கலாம். சக்கரம் சுழன்றால் பல்சக்கரம் வழியாகக் கத்தி உருளை சுழலும். கீழே அசையாத ஒரு தகடு. உருளைக்கும் தகட்டுக்கும் நடுவில் புல் கத்தரிக்கோலில் சிக்குவதுபோல் நறுக்குப்படும். விரல் போனால் விரலும் நறுக்குப்படும்தான். ஆனால் தள்ளுகிறவன் நின்றால் சக்கரம் நிற்கும், சக்கரம் நின்றால் கத்தி நிற்கும். அரிவாளின் அந்த நல்ல குணம் இங்கேயும் தப்பிவிட்டது. குதிரை இழுத்த காலத்தில்கூடப் பாதி தப்பியது. குதிரையை நிறுத்தினால் போதும்.

கையையும் கத்தியையும் பிரித்தது எஞ்சின். பிறகு நீராவி, 1902-இல் ரான்சம்ஸ் நிறுவனத்தின் பெட்ரோல் இயந்திரம் என்று அது படிப்படியாக வந்தது. ஆனாலும் பெரிய எஸ்டேட்டுகளுக்கும் விளையாட்டு மைதானங்களுக்கும் மட்டும் அந்த விலை கட்டுபடியானது. சாதாரண வீட்டு வாசலுக்கு எஞ்சின் வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். அது வந்தபோது கத்தியின் இயல்பே மாறிப்போயிருந்தது.

*

1952-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் என்பவர் தன் வீட்டு கராஜில் ஒரு மெஷின் செய்தார். கல்லூரி விடுமுறையில் அக்கம்பக்கத்துப் புல்லை வெட்டிச் சம்பாதித்துக்கொண்டிருந்த மகனுக்காகத்தான் இந்த வேலையில் இறங்கினார் என்பார்கள். பெட்ரோல் டேங்க்காகப் பயன்பட்டது பீச் பழம் வந்த டப்பா. தன் நடுப்பெயரைச் சுருக்கி ‘விக்டா’ என்று பெயர் வைத்தார். ஆஸ்திரேலியர்களுக்கு அது எவ்வளவு நெருக்கமான பொருள் என்றால், 2000 சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் மைதானத்துக்குள் விக்டா மெஷின்களை ஓட்டிவந்து ஆடினார்கள். இந்த மாதிரி மெஷினை முதலில் செய்தவர் அவரில்லை. அதற்கு முன்பே இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்தது. தூக்கி நடக்கிற எடையில் எல்லோர் கைக்கும் கொண்டுபோனது அவர் சாமர்த்தியம்.

இந்த மெஷினில் கத்தரிக்கோல் கிடையாது. தரைக்குப் படுக்கையாக ஒரு கத்தி, ஹெலிகாப்டர் மாதிரிச் சுற்றும். நறுக்குவதற்குத் துணையாக எதிர்த் தகடு எதுவும் இல்லை என்பதால் வேகத்தால் அடித்துத்தான் புல்லை அறுக்க வேண்டும். அந்த வேகம் எவ்வளவு? அமெரிக்கத் தர விதிகள் கத்தி நுனிக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி. நம் கணக்கில் மணிக்குச் சுமார் 350 கிலோமீட்டர். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்று வைத்துக்கொண்டால் வினாடிக்கு 50 சுற்று. கத்திக்கு இரண்டு முனை. ஆக ஒரே இடத்தை வினாடிக்கு 100 முறை கடக்கும். அவ்வளவு வேகத்தில் கத்தி கண்ணுக்கே தெரியாது. உள்ளே ஒன்றும் இல்லாத மாதிரித்தான் இருக்கும்.

அதைவிட முக்கியம், கையை எடுத்தாலும் அது நிற்காது. எஞ்சினை அணைத்த பிறகும் தன் வேகத்திலேயே இன்னும் சில வினாடிகள் சுற்றிக்கொண்டிருக்கும். சத்தம் நின்றுவிட்டது, கத்தி நிற்கவில்லை. இந்தச் சில வினாடிகளுக்குள் எத்தனை விரல்கள் போயிருக்கின்றன என்பதுதான் அடுத்த முப்பது வருடத்து அமெரிக்கக் கதை.

போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கு அங்கே நகரத்துக்கு வெளியே வரிசை வரிசையாக வீடு கட்டிக் கொடுத்தார்கள். 1947-இல் தொடங்கிய லெவிட்டவுன் அதில் பேர்போனது. ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் புல்தரை. அதை வெட்டி வைப்பது குடியிருப்பின் விதிகளிலேயே இருந்தது. ஆக, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தொழில் பழக்கமே இல்லாத லட்சக்கணக்கான குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றும் கத்தியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். சிலர் செருப்புக்காலோடு. ஈரப் புல் வந்து வெளியேறும் வாயை அடைத்துக்கொள்ளும். குனிந்து கையை விட்டு எடுப்பார்கள். சரிவில் மெஷினைத் தன் பக்கம் இழுக்கும்போது கால் வழுக்கும். கையும் காலும் அடிபட்ட விதங்கள் கிட்டத்தட்ட இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

1970-இல் அமெரிக்காவின் தேசியப் பொருள் பாதுகாப்பு ஆணையம் தன் அறிக்கையில் நியாயமில்லாத ஆபத்து உள்ள வீட்டுப் பொருட்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. சுழல் கத்திப் புல்வெட்டி அதில் இருந்தது. 1972-இல் நுகர்பொருள் பாதுகாப்புக்கென்றே ஒரு நிரந்தர ஆணையத்தை உருவாக்கச் சட்டம் வந்தது. இனி நடந்த சண்டையை நான் நாவல் மாதிரி உட்கார்ந்து படித்தேன்.

தயாரிப்பாளர்கள் சங்கம் 1973-இல் முந்திக்கொண்டது. தாங்களே எழுதி வைத்திருக்கும் விருப்பத் தர விதிகளைச் சட்டமாக்கிவிடுங்கள், வேலை முடிந்தது என்றார்கள். ஆணையம் ஒத்துக்கொள்ளவில்லை. புதிய விதிகளை வரைந்து தரும் பொறுப்பை நுகர்வோர் அமைப்பான கன்சூமர்ஸ் யூனியனிடம் கொடுத்தது. தயாரிப்பாளர்கள் தரப்பின் வாதத்தைச் சுருக்கினால் நம் ஊரில் தினமும் கேட்கிற வாதம்தான்: மெஷினில் குற்றமில்லை, ஆள் கவனமாக இருக்க வேண்டும், அவனுக்குச் சொல்லிக் கொடுப்போம். ஆணையத்தின் தரப்பு வேறு இடத்திலிருந்து யோசித்தது. மனிதன் கவனம் தப்புவான். அது அவன் குணம். ஆயிரம் முறை சரியாகச் செய்தவன் ஆயிரத்தோராவது முறை குனிந்து கையை விடுவான். அந்த ஒரு முறைக்கும் சேர்த்துத்தான் மெஷினைச் செய்ய வேண்டும்.

1979-இல் விதி வெளியானது. அதன் மையம் ஒரே ஒரு கைப்பிடிக் கம்பி. அதை அழுத்திப் பிடித்திருந்தால்தான் கத்தி சுற்றும். விட்டால் 3 வினாடிக்குள் கத்தி நின்றாக வேண்டும். எஞ்சினியர்கள் இதற்கு வைத்த பெயர் ‘டெட் மேன் கன்ட்ரோல்’, செத்தவன் கைப்பிடி என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். மின்சார ரயில்களில் வந்த பழைய ஏற்பாடு. ஓட்டுநர் மயங்கி விழுந்தாலும், செத்தே போனாலும், பிடி தளர்ந்ததும் ரயில் நின்றுவிடும். ஏன் 3 வினாடி? கைப்பிடியை விட்டுவிட்டு நடந்து வந்து குனிந்து கத்தியைத் தொட ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ஆட்களை வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். பாதம் மாதிரி ஒரு பொம்மையைச் செய்து, அதை மெஷினுக்கடியில் நுழைத்துக் கத்தி தொடுகிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. ஒவ்வொரு மெஷினிலும் ஒரு எச்சரிக்கைப் படம் ஒட்ட வேண்டும்: கத்தி, அதில் வெட்டுப்படும் கை. எழுத்துப் படிக்காதவனுக்கும் புரியும்.

சவுத்லேண்ட் மோவர் என்ற நிறுவனமும் தயாரிப்பாளர்கள் சங்கமும் வழக்குப் போட்டார்கள். 1980-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 77,000 பேர் இந்தக் கத்தி பட்டுக் காயமடைகிறார்கள் என்ற கணக்கு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. 3 வினாடி செல்லும் என்றது நீதிமன்றம். புல் வெளியேறும் வாய்ப் பக்கம் பாதச் சோதனை செய்ய வேண்டும் என்பதை மட்டும் தள்ளிவிட்டது. அந்த வழியாகக் கால் போனதற்குப் போதிய சான்று இல்லையாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று இருக்கிறது. பிடியை விட்டால் கத்தி மட்டும் நிற்கலாம், அல்லது எஞ்சினே அணையலாம். எஞ்சின் அணைகிற வகையாக இருந்தால், திரும்பக் கயிறு இழுக்காமல் பொத்தானை அழுத்தியே கிளப்புகிற வசதி வேண்டும் என்று ஆணையம் முதலில் கேட்டது. காரணம் சுகவாசம் இல்லை. ஒவ்வொரு முறையும் கயிறு இழுக்க வேண்டியிருந்தால் எரிச்சலில் ஆள் அந்தக் கம்பியைக் கட்டிவிடுவான், பிறகு பாதுகாப்பும் போச்சு என்பது அவர்கள் கணக்கு. சோம்பேறித்தனத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட சட்டம் என்பதால் அதன்மேல் எனக்கு மரியாதை. ஆனால் 1981-இல் நாடாளுமன்றம் குறுக்கே வந்தது. ரீகன் பதவிக்கு வந்த வருடம்; விதிகளைத் தளர்த்துகிற காற்று அடித்துக்கொண்டிருந்தது. கயிறு இழுத்துக் கிளப்பினாலும் பரவாயில்லை என்று திருத்தினார்கள். பெரும்பாலான கம்பெனிகள் மலிவான அந்த வழியையே எடுத்துக்கொண்டன. 1982 ஜூன் 30 முதல் விதி நடைமுறைக்கு வந்தது. ஆணையம் பயந்தபடியே, இன்றைக்கும் அந்தக் கம்பியைக் கயிறாலோ டேப்பாலோ கட்டி வைத்திருக்கும் மெஷின்களைப் பார்க்கலாம்.

*

இது நுகர்பொருள் சட்டம். வீட்டுக்காரன் கடையில் வாங்குகிற, தள்ளிக்கொண்டு நடக்கிற மெஷினுக்கு. புல் வெட்டுவதையே தொழிலாகக் கொண்டவனுக்காகச் செய்யப்படும் பெரிய மெஷின்கள் இதற்குள் வராது. கூலிக்கு வெட்டுகிறவனைத் தொழிலாளர் பாதுகாப்பு விதிகள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த விதிகள் 1968-ஆம் ஆண்டின் விருப்பத் தர விதிகளிலிருந்து எடுத்து எழுதப்பட்டவை. அவற்றில் எஞ்சினை அணைத்த பிறகு கத்தி நிற்கக் கொடுத்திருக்கும் அவகாசம் 15 வினாடி.

வாரத்துக்கு ஒரு மணி நேரம் வெட்டுகிறவனுக்கு 3. நாளெல்லாம் வெட்டுகிறவனுக்கு 15. தொழில்காரன் கவனமாக இருப்பான் என்பதுதான் இதற்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கை என்று நினைக்கிறேன். பழக்கம் கூடக்கூட பயம் குறையும் என்பதை எந்தத் தச்சரிடம் கேட்டாலும் சொல்வார், விரலைக் காட்டிக்கொண்டே.

நம் நாட்டிலும் இதே காலத்தில் ஒரு சட்டம் வந்திருக்கிறது. பசுமைப் புரட்சிக்குப் பிறகு வடக்கே கோதுமைக் கதிரடிக்கும் இயந்திரங்களில் கதிரைக் கையால் தள்ளிவிடும்போது கையே உள்ளே போவது தொடர்கதையானது. 1983-இல் ‘ஆபத்தான இயந்திரங்கள் (ஒழுங்குமுறை) சட்டம்’ வந்தது. அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட இயந்திரம் கதிரடிக்கும் இயந்திரம். அறிவிக்கை வழியாக வேறு விவசாய இயந்திரங்களையும் அரசு சேர்த்துக்கொள்ளலாம். கவசத்தோடு செய்து கொடுப்பது தயாரிப்பாளர் பொறுப்பு என்று எழுதிய சட்டம். நான்கு வருடம் மெக்கானிக்கல் படித்த எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

*

அண்ணன் தோளில் மாட்டும் மெஷினுக்கு வருகிறேன். அதன் ஒரு கிளையின் தொடக்கம் வேடிக்கையானது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜார்ஜ் பாலஸ் என்று ஒருவர். நடனப் பள்ளி நடத்தியவர். அவர் மகனும் பேரனும் பேர்பெற்ற நடனக்காரர்கள். 1971-இல் கார் கழுவும் நிலையத்தில் காருக்குள் உட்கார்ந்திருந்தபோது, சுழலும் நைலான் பிரஷ் வண்டியின் வளைவு நெளிவுக்கெல்லாம் நீண்டு வளைந்து, பெயின்ட்டில் கீறல் விழாமல் கழுவுவதைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, பாப்கார்ன் வந்த தகர டப்பாவில் ஓட்டை போட்டு, மீன்பிடி நரம்பைக் கோத்து, ஒரு சுழல் மோட்டாரில் மாட்டினார். மரத்தடியில் பட்டையைக் காயப்படுத்தாமல் புல் அறுந்தது. கம்பெனிகள் வேண்டாம் என்றதும் தானே ‘வீட் ஈட்டர்’ என்ற பெயரில் தயாரித்து, 1977-இல் நல்ல விலைக்கு விற்றுவிட்டார். அங்கேயும் முதலில் காக்க நினைத்தது மரத்தைத்தான். ஆனால் இரும்பு இருந்த இடத்தில் நரம்பு வந்ததால் மனிதனுக்கும் அது நல்லதாக முடிந்தது. காலில் பட்டால் தோல் கிழியும், கால் போகாது.

இன்னொரு கிளை, தோளில் வார் மாட்டி, நீளக் குழாயின் நுனியில் இரும்புக் கத்தி சுற்றும் பிரஷ் கட்டர். நம் ஊர்க் கடைகளில் இரண்டும் ஒரே மெஷினில் கிடைக்கும். தலையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். போன வருடம் ஊருக்குப் போனபோது ஒரு கடையில் அரை மணி நேரம் நின்றேன். மூணு முனை பிளேடு, 40 பல், 80 பல், நரம்புக்கு ‘டேப் அண்ட் கோ’. வாங்க வந்தவருக்குக் கடைப்பையன் மெஷினைப் பூட்டிக் கொடுத்தான். பெட்டிக்குள் இருந்த பிளாஸ்டிக் கவசத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டான். “அது எதுக்குண்ணே, ஈரப் புல்லு அடைச்சுக்கும். எல்லாரும் கழட்டிடுவாங்க.” வாங்கியவரும் தலையாட்டினார். நான் சொல்லிப் பார்த்தேன். நீங்க விவசாயமா சார் என்றான்.

கவசத்தைவிட எனக்கு ஆச்சரியம், யாரும் அவருக்குக் கத்தி சுற்றும் திசையைக் காட்டிக் கொடுக்கவில்லை. மேலிருந்து பார்த்தால் அது இடஞ்சுழியாகச் சுற்றும். கத்தியைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், 12 மணிக்கும் 3 மணிக்கும் இடையிலான பகுதி ஒரு தூரிலோ கல்லிலோ முட்டினால் மெஷின் முழுவதும் உதைத்துக்கொண்டு வலப்பக்கம் பாயும். ஓட்டுகிறவன் கையில் நிற்காது. அதனால்தான் வலமிருந்து இடமாக வீசி, கத்தியின் இடப்பக்கத்தால் வெட்ட வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல 20 வினாடி போதும். நீண்ட காம்பு அரிவாளை வீசியவர்கள் புதியவனுக்கு வேலையோடு வேலையாகச் சொல்லிக் கொடுத்த மாதிரியான விஷயம் இது.

அண்ணனுக்கு சிங்கப்பூரில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே 1967-இல் லீ குவான் யூ தோட்ட நகரம் என்று அறிவித்ததிலிருந்து சாலையோரம், பாலத்தடி, அடுக்குமாடிகளுக்கு நடுவில் என்று எங்கும் புல். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர் என்பதால் குளிர்காலம் என்று ஒன்று வந்து புல் ஓய்வதே இல்லை. வெட்டி முடித்த இடம் அடுத்த மாதம் திரும்பவும் காத்திருக்கும்.

“ஹெல்மெட், முகத்துக்கு வலை, காதுக்கு, காலுக்கு முட்டி வரைக்கும், எல்லாம் குடுப்பாங்கடா தம்பி” என்றார் அண்ணன். “ஆனா மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல அதப் போட்டுக்கிட்டு நின்னு பாரு. மூச்சு விட்டா கண்ணாடியில ஆவி. ஒண்ணும் தெரியாது. தெரியாம வெட்டுறது ஆபத்தா, கண்ணாடி இல்லாம வெட்டுறது ஆபத்தா? நீதான் இன்ஜினியராச்சே, சொல்லு.”

நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. ஆவி படியாத கம்பி வலை முகமூடி இருக்கிறது. ஆனால் வலைக்கண் வழியாகத் தூசியும் பொடிக்கல்லும் புகும், அதனால் உள்ளே கண்ணாடியும் போட வேண்டும், போட்டால் மறுபடியும் ஆவி. குதிரை பூட்ஸ் மாதிரி ஒரே தடவையில் தீர்கிற விஷயமில்லை.

“கண்ணுல ஏதும் பட்டிருக்கா அண்ணே?”

“ரெண்டு தடவ. ஒண்ணு சும்மா தூசி. இன்னொண்ணு புல்லுத் துணுக்கு. ரூமுக்கு வந்து தண்ணியில கழுவிட்டுப் படுத்துட்டேன். காலையில கண்ண தொறக்க முடியல.”

இதைக் கேட்டதும் அவரைக் கொஞ்சம் திட்டினேன். மதுரை மாவட்டத்தில் 1990-களில் அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் எடுத்த கணக்குப்படி, லட்சம் பேரில் ஆண்டுக்கு 113 பேருக்குக் கருவிழியில் புண் வந்தது. மேலை நாடுகளின் கணக்கோடு வைத்துப் பார்த்தால் பல மடங்கு. அதில் பெரும்பங்கு, நெல் உமியோ இலையோ குச்சியோ கீறி, கீறலில் பூஞ்சையோ பாக்டீரியாவோ புகுந்து வந்தது. அடிபட்ட அன்றைக்கே ஒரு மருந்து போட்டிருந்தால் பெரும்பாலும் நின்றிருக்கும். அண்ணன் அதிர்ஷ்டசாலி; சூப்பர்வைசர் காலையிலேயே கிளினிக்குக்கு அனுப்பிவிட்டார். கண் தப்பியது. மூன்று நாள் சம்பளம் போனதைத்தான் அவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இரும்புக் கத்திக்குப் பதிலாகச் சங்கிலித் துண்டுகளை மாட்டும் தலை ஒன்று ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்திருந்தது. புதரை நன்றாக அடித்து நொறுக்கும். அதன் கண்ணி ஒன்று தெறித்துப் பிரிட்டனில் ஒரு உயிர் போனது. அந்த நாடு நடவடிக்கை எடுக்க, 2012 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் அந்த வகைத் தலைகளைச் சந்தைக்கே வரவிடக் கூடாது என்று எல்லா உறுப்பு நாடுகளுக்கும் உத்தரவு போட்டது. அங்கே யாரும் ஓட்டுகிறவன் கவனமாக இருந்திருக்கலாமே என்று கேட்டதாகத் தெரியவில்லை. தெறிக்கிற இரும்பின் முன்னால் கவனம் என்ன செய்யும்?

அண்ணனிடம் இதைச் சொன்னேன். கல்லு தெறிக்கிறதே போதும்டா, சங்கிலி வேறயா என்று சிரித்தார். ரோட்டோரம் வெட்டும்போது இரண்டு பேர் ஆளுயர வலையைப் பிடித்துக்கொண்டு அவரோடு கூடவே நகர்வார்களாம். கல் தெறித்துப் போகிற கார்க் கண்ணாடியில் பட்டால் நஷ்டஈடு கம்பெனி தலையில் விழும். அதனால் அந்த வலையை மட்டும் ஒருநாளும் யாரும் மறந்ததில்லை.

பிரஷ் கட்டர் கையேடுகளில், எந்தக் கம்பெனியாக இருந்தாலும், ஒரு படம் இருக்கும். நடுவில் மெஷினோடு ஒரு ஆள், அவனைச் சுற்றி ஒரு வட்டம், வட்டத்துக்கு வெளியே இன்னொருவர். 15 மீட்டர். வெட்டும்போது அதற்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது.

“அந்தப் படம் எங்க மெஷின்லயும் ஒட்டியிருக்கு” என்றார் அண்ணன்.

“அப்ப வலை பிடிக்கிறவங்க எவ்வளவு தூரத்துல நிப்பாங்க?”

“ரெண்டு மீட்டர். மூணு மீட்டர். அதுக்கு மேல தள்ளி நின்னா வலை பிடிச்சு என்ன புண்ணியம்? வலைக்கு அந்தப் பக்கம் காரு, இந்தப் பக்கம் அவங்க.”

“அவங்களுக்கு முகத்துக்கு ஏதாவது உண்டா?”

“மெஷின் பிடிக்கிறவனுக்குத்தான் முகமூடி. அவனுங்க ஹெல்பர்டா” என்றார்.